13 முட்டைகள் வைத்து 4 குஞ்சுகள் மட்டுமே பொரித்தன: அடைக்கோழியைக் கவனிப்பதில் எங்கே தவறினோம்?

கேள்வி
தோட்டத்துச்சாளை, ஒட்டன்சத்திரம் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் சிறுவிடை என்ற சிறிய இனத்தில் 6 பெட்டைகளும் ஒரு சேவலுமாக நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டது. கடைகளில் விற்கும் ஒருநாள் வயதுக் குஞ்சுகளை வாங்காமல், எங்கள் கோழிகளையே அடை வைத்துப் பெருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். முதல் முயற்சியே மனத்தைச் சோர்வடையச் செய்துவிட்டதால், அனுபவம் உள்ளவர்களிடம் முழு விவரத்தையும் சொல்லி வழி கேட்கிறேன்.

மாசி மாதக் கடைசியில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. அதுவரை 18 நாட்களாகக் கிடைத்த முட்டைகளில் வீட்டுச் செலவுக்குப் போக மிஞ்சியவற்றைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பாத்திரத்தில் போட்டு வைத்திருந்தோம். அவற்றிலிருந்து 13 முட்டைகளை எடுத்து, தகரக் கொட்டகையின் மூலையில் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி வைத்தோம். மற்றக் கோழிகளும் இரவில் அதே கொட்டகையில்தான் தங்குகின்றன. இடையில் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். முட்டை சேர்க்கத் தொடங்கிய சமயத்தில் பணத் தேவைக்காகச் சேவலை விற்றுவிட்டோம், அடை வைத்த பிறகுதான் வேறு சேவல் வாங்கினோம்.

21ஆம் நாள் மாலையில் 2 குஞ்சுகளும், 22ஆம் நாள் காலையில் 2 குஞ்சுகளும் வெளிவந்தன. அன்று நண்பகலில் தாய்க்கோழி 4 குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கிவிட்டது, மறுபடி ஏறவில்லை. மிச்சமிருந்த 9 முட்டைகளை ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு உடைத்தேன். 3 முட்டைகளில் கரு உண்டான அடையாளமே இல்லை, மஞ்சளும் வெள்ளையும் கலங்கிப் போயிருந்தன. 4 முட்டைகளில் மஞ்சள் கருவின் மேல் நூல் சுற்றியது போல ஓர் இரத்த வளையம் கறுத்துத் தெரிந்தது. மீதி இரண்டைப் பார்த்தபோதுதான் மிகவும் வருத்தமாக இருந்தது. இறகு முளைத்து, கால் நகம் வரை உருவாகிவிட்ட குஞ்சுகள் அலகை இறக்கைக்கு அடியில் வைத்தபடி செத்துக் கிடந்தன. மஞ்சள் கருவில் பாதி வயிற்றுக்கு வெளியே இருந்தது.

இப்போது செவலைப் பெட்டையும் கறுப்புப் பெட்டையும் ஒரே நேரத்தில் அடைக்கு உட்கார்ந்திருக்கின்றன. செவலையை மட்டும் அடை வைக்க நினைக்கிறோம். கறுப்பு மறுபடி முட்டையிட வந்தால் போதும். சித்திரை வெயிலில் அடை வைக்கலாமா, எத்தனை முட்டைகள் வைப்பது, முன்பு எங்கே தவறினோம், கறுப்பின் அடையை எப்படித் தெளிவிப்பது என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1
அப்பத்தா வீடு, திருமயம்

தம்பி, முட்டைகளை உடைத்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் என்ன இருந்தது என்று எழுதியிருப்பது நல்ல காரியம். பலரும் கூமுட்டை என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டு, கோழிமேல் பழி போடுவார்கள். எங்கள் பக்கத்தில் இதை அவயம் வைப்பது என்போம். நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் ஆண்டுக்கு நாலைந்து கோழிகளையாவது அவயத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதால், என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில், கோழி உண்மையிலேயே அடைக்கு வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பகலில் நெடுநேரம் கூட்டில் இருப்பது மட்டும் போதாது. இரவிலும் மற்றக் கோழிகளோடு சேராமல் கூட்டிலேயே கிடக்க வேண்டும், கையை அருகில் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேற வேண்டும், வயிற்றுக்கு அடியில் கை வைத்தால் இறகு உதிர்ந்த தோல் சுடச்சுடத் தட்டுப்பட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நம்பி முட்டை வைக்கலாம். அப்படியும் நான் முதல் இரண்டு நாட்களுக்கு வீணாய்ப் போனாலும் கவலையில்லாத இரண்டு முட்டைகளை மட்டும் வைத்துப் பார்ப்பேன். மூன்றாம் நாளும் எழாமல் உட்கார்ந்திருக்கும் கோழிக்குத்தான் நல்ல முட்டைகளைக் கொடுப்பேன்.

இடத்தை மாற்றுவதாக இருந்தால் இருட்டிய பிறகு மாற்றுங்கள். பகலில் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்தால், அது பழைய இடத்துக்கே ஓடிவந்து வெறுங்கூட்டில் உட்காரும். இரவில் விளக்கில்லாமல், சத்தமில்லாமல், இரு கையாலும் இறக்கையை அணைத்துத் தூக்கி, புதுக் கூட்டில் முட்டைகளின் மேல் மெதுவாக விட்டு, மேலே ஒரு மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துவிட்டால் காலையில் அதற்கு அந்த இடமே பழகியிருக்கும். மற்றக் கோழிகள் அடைகிற கொட்டகையிலேயே அவயம் வைத்ததுதான் நீங்கள் செய்த பெரிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அடைக்கோழி இரை தின்ன இறங்கிய நேரத்தில் வேறு பெட்டை ஏறி அந்தக் கூட்டிலேயே முட்டையிட்டுவிடும். பிந்தி வந்த அந்த முட்டைக்கு நாள் எண்ணிக்கை தனி. முதல் குஞ்சுகள் பொரித்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் தாய் கூட்டில் காத்திருக்கும். அதன் பிறகு குஞ்சின் குரல்தான் அதற்குப் பெரிது. மிச்ச முட்டை உயிரோடு இருந்தாலும் விட்டுவிட்டு இறங்கிவிடும். அதனால் வைக்கிற முட்டை ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடில்லாத முட்டை தென்பட்டால் அன்றன்றே எடுத்துக் குழம்புக்குப் போட்டுவிடலாம்.

கூட்டுக்கு வாயகன்ற மண்சட்டியோ பழைய மூங்கில் கூடையோ எடுத்து, அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சலித்த ஆற்று மணலைப் பரப்பி, நடுவில் உள்ளங்கையால் அழுத்திக் குழி செய்து, அதன்மேல் கசக்கிய வைக்கோலைப் போடுங்கள். குழி இல்லாவிட்டால் முட்டைகள் ஓரத்துக்கு உருண்டு, கோழியின் சூடு படாமல் போகும். மணலில் ஒரு கைப்பிடி வேப்பிலையையும் ஆறிய அடுப்புச் சாம்பலையும் கலந்துவிட்டால் பேனும் செள்ளு என்ற சிறு பூச்சியும் அண்டாது. அடைக்கோழி எழுந்து ஓடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தச் செள்ளுதான். எங்கள் மாமியார் இடி மின்னலுக்கு என்று ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் மிளகாய் வற்றலையும் மணலில் புதைப்பார். நானும் இன்று வரை அதை விடவில்லை.

எத்தனை முட்டை என்று கேட்டீர்கள். ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம் என்றாலும், கோழியின் உடம்பு எத்தனையை மூடுகிறதோ அத்தனைதான் கணக்கு. சிறுவிடைக்கு 9 அல்லது 11 போதும். கோழி உட்கார்ந்த பிறகு சுற்றிவந்து பார்த்து, ஒரு முட்டை வெளியே தெரிந்தாலும் அதை எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் வெளியே இருக்கும் முட்டை நாள் முழுக்க அதே முட்டையாக இருக்காது. கோழி முட்டைகளைப் புரட்டும்போது இன்றைக்கு ஒன்று ஓரத்துக்கு வரும், நாளைக்கு வேறொன்று வரும். ஒரு முட்டை அதிகமாக வைத்தால் அந்த ஒன்று மட்டும் கெடாமல், முறை வைத்துக் குளிர்ந்து பல முட்டைகள் கெடும்.

கத்திரி வெயிலில் நான் அவயம் வைக்க மாட்டேன். ஆடிக்குப் பிறகு வைத்தால் நன்றாக வரும் என்பது என் அபிப்பிராயம். 18ஆம் நாள் வெதுவெதுப்பான நீரில் முட்டைகளை மிதக்க விட்டால் உயிருள்ளது ஆடும், கூமுட்டை ஆடாமல் கிடக்கும். அதையும் செய்து பாருங்கள்.


பதில் 2
கால்நடை மருத்துவர் (ஓய்வு), ஈரோடு

திருமயம் அம்மையார் எழுதியதில் பெரும்பகுதியை அப்படியே ஏற்கிறேன். குறிப்பாக, ஓரத்து முட்டை முறை மாறிக் குளிரும் என்று அவர் சொன்னது பயிற்சி வகுப்புகளில் கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. நான் உங்களுடைய 9 முட்டைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவற்றிலேயே உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

கரு உண்டாகாத 3 முட்டைகளுக்குக் காரணம் சேவல் விற்கப்பட்டதுதான் என்று கருதுகிறேன். சேவலுடன் கூடிய பெட்டையின் கருக்குழாயில் விந்தணுக்கள் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் வரை உயிருடன் தங்கியிருக்கும். சேவல் போன பிறகும் சில நாட்கள் கருவுள்ள முட்டைகள் கிடைப்பது இதனால்தான். நீங்கள் 18 நாட்கள் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், கடைசி நான்கைந்து நாட்களில் இட்டவை பார்ப்பதற்குப் புதிய முட்டைகளாக இருந்தும் உள்ளே கருவற்றவையாக இருந்திருக்கும். இப்போது புதுச் சேவல் வந்து மூன்று வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டதால் அந்தக் குறை நீங்கியிருக்கும். 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற கணக்கு போதுமானது.

இரத்த வளையம் தெரிந்த 4 முட்டைகள் வேறு கதை. அவற்றில் கரு உண்டாகி, அடை வைத்த முதல் சில நாட்களிலேயே இறந்திருக்கிறது. கோழி முட்டையில் கரு வளர்வதற்குக் கோழி உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சூடு கிடைத்தால் போதும். ஏறத்தாழ 25 டிகிரி செல்சியசுக்கு மேல் சென்றாலே கரு மெல்லமெல்ல விழித்துக்கொள்ளத் தொடங்கும். ஆனால் முறையாக வளர்வதற்கு வேண்டிய 37.5 டிகிரி உங்கள் சமையலறை அலமாரியில் கிடைக்காது. பகலில் சற்று வளர்ந்து, இரவில் நின்று, மறுநாள் மீண்டும் வளர்ந்து இப்படியே பலவீனப்பட்ட கரு, அடை வைத்த பிறகு தாக்குப்பிடிக்காமல் இறந்துவிடுகிறது. மாசி, பங்குனி மாதங்களில் சமையலறை மேல்தட்டு எவ்வளவு சூடாக இருக்கும் என்று கையை வைத்துப் பாருங்கள். அடுப்பின் அனல் மேலேறித் தங்குவது அந்த இடத்தில்தான். 15, 18 நாட்கள் அங்கே கிடந்த பழைய முட்டைகள்தாம் இந்த நான்கும் என்பது என் கணிப்பு. ஆகப் பழையவையும் ஆகப் புதியவையும் வெவ்வேறு காரணங்களால் கெட, இடைப்பட்டவை குஞ்சாயின.

ஆகவே இம்முறை முட்டைகளைத் தேதி போட்டுச் சேருங்கள். கோடையில் 4 நாட்களுக்கு மேற்படாத முட்டைகளையும், குளிர்ந்த மாதங்களில் 7 நாட்களுக்கு மேற்படாத முட்டைகளையும் மட்டும் அடைக்கு எடுங்கள். ஒரு மண்பானையில் பாதிக்கு ஈர மணலை நிரப்பி, அதன்மேல் ஒரு துணியையோ சிறு மண்தட்டையோ வைத்து, முட்டைகளைக் கூர்முனை கீழாக இருக்குமாறு அடுக்கி, வீட்டின் மிகக் குளிர்ந்த இருட்டு மூலையில் வைத்தால் வெளி வெப்பத்தைவிடப் பானைக்குள் வெப்பம் குறைந்திருக்கும். முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் நுண்துளைகள் வழியாகக் கிருமிகள் உள்ளே செல்லும். வீட்டுக் குளிர்பெட்டியின் குளிரும் கருவுக்கு ஆகாது. மிகப் பெரியது, மிகச் சிறியது, ஓடு மெலிந்தது, மயிரிழை விரிசல் கண்டது ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். அடை வைக்கும்போது எல்லா முட்டைகளையும் ஒரே மாலையில் சேர்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் அவை ஒரே நாளில் பொரிக்கும்.

முழுதாக உருவாகி இறந்த 2 குஞ்சுகளைப் பற்றி. 19ஆம் நாளுக்குப் பிறகு குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, அலகால் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறையைக் குத்தி, முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. உங்கள் குஞ்சுகளுக்கு மஞ்சள் கரு முழுவதும் உள்ளே போகவில்லை என்பதால், அவை ஒன்று மற்றவற்றைவிடப் பிந்திய முட்டைகளாக இருந்து தாய் இறங்கிய பின் சூடின்றி இறந்திருக்க வேண்டும், அல்லது தகரக் கொட்டகையின் வெப்பத்தில் கடைசி நாட்களில் திணறியிருக்க வேண்டும். அடைமுட்டை சிறிது நேரக் குளிர்ச்சியைத் தாங்கும், மிகை வெப்பத்தை அந்த அளவுக்குத் தாங்காது. கோழி தினமும் 15, 20 நிமிடங்கள் எழுந்துபோய் இரை தின்று வந்தால் முட்டைகளுக்கு ஒரு கேடும் இல்லை. தகரத்தின் கீழ் நண்பகலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால்தான் ஆபத்து.

சித்திரையில் வைக்கலாமா என்ற கேள்விக்கு அம்மையாரிடமிருந்து சற்று வேறுபடுகிறேன். முட்டை புதியதாக இருந்து, கூடு ஓலைக் கூரைக்குக் கீழோ மரநிழலை ஒட்டிய அறையிலோ காற்றோட்டமாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். வறண்ட காற்றில் முட்டையின் ஈரம் அளவுக்கு மீறிப் போய்விடும் என்பதால், வைக்கோலுக்குக் கீழே உள்ள மணலின் ஓரங்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறையும், 18ஆம் நாளுக்குப் பிறகு தினமும், கை நனைத்துத் தெளிக்கும் அளவுக்கு நீர் விடுங்கள். முட்டைகள் நனையக் கூடாது.

நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையை மட்டும் வேண்டாம் என்பேன். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசலோ, குஞ்சு குத்திய துளையோ இருந்தால் நீர் உள்ளே சென்று உயிருள்ள குஞ்சு மூச்சுமுட்டிவிடும். அதற்குப் பதிலாக 7ஆம் நாள் இரவில் கைப்பேசி விளக்கை எரியவிட்டு, நடுவில் சிறு ஓட்டை போட்ட அட்டையை அதன்மேல் வைத்து, முட்டையின் அகன்ற முனையை ஓட்டையின் மேல் நிறுத்திப் பாருங்கள். கரு வளர்ந்திருந்தால் ஒரு கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால்கள் போல நாற்புறமும் ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரியும், கூர்ந்து பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதும் தெரியும். வெறும் மஞ்சளாக ஒளி ஊடுருவினால் கருவில்லை. நரம்புகள் இல்லாமல் ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் இறந்த கரு. இரண்டையும் அன்றே அப்புறப்படுத்தினால், பின்னால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளைக் கெடுக்காது.


பதில் 3
வடமராட்சிக் கரப்பு, யாழ்ப்பாணம்

கறுப்புப் பெட்டையைப் பற்றி ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் அடை தெளிவிக்க வேண்டுமென்றால் கோழியை வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்குத் துளையில் குறுக்கே செருகிவிடுவார்கள். சிறுவயதில் எங்கள் முற்றத்தில் அப்படி இறகு செருகப்பட்ட கோழி ஒன்று, மூக்கை நிலத்தில் தேய்த்துத் தேய்த்து இரத்தம் வர, இரண்டு நாட்கள் இரையைத் தொடாமல் வேலியோரம் நின்றதைப் பார்த்தேன். தயவுசெய்து அதை உங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். அது தேவையும் இல்லை.

கோழி அடைக்கு வருவது அதன் உடலில் சுரக்கும் புரோலாக்டின் என்ற சுரப்பினால். வயிற்றின் வெறுந்தோலில் கூட்டின் கதகதப்பும் முட்டையின் தொடுகையும் படப்பட அந்தச் சுரப்பு நீடிக்கும். ஆகவே செய்ய வேண்டியது வயிற்றுக்கு அடியில் காற்றுப் படும்படி செய்வதுதான். கம்பிவலையால் அடித்தளம் அமைத்த ஒரு கூண்டை நான்கு கற்களின் மேல் உயர்த்தி வைத்து, வைக்கோலோ சாக்கோ எதுவும் போடாமல், வெளிச்சமும் நிழலும் உள்ள இடத்தில் கோழியை அதற்குள் விடுங்கள். இரையும் நீரும் குறைவின்றி இருக்க வேண்டும். பட்டினி போட்டால் அடை தெளிந்தாலும் முட்டை பிந்தும். அடைக்கு வந்த முதல் நாளே கூண்டில் விட்டால் மூன்று நான்கு நாட்களில் தெளிந்துவிடும். ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு விட்டால் கூடுதல் நாட்கள் பிடிக்கும். திறந்துவிட்டதும் நேரே பழைய கூட்டுக்குப் போகிறதா, மற்றக் கோழிகளோடு மேயப் போகிறதா என்பதைப் பார்த்தால் தெளிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு வழியையும் யோசித்துப் பாருங்கள். நாட்டுக்கோழி ஒரு ஈட்டில், அதாவது முட்டையிடும் ஒரு சுற்றில், 12 முதல் 15 முட்டைகள் இட்டுவிட்டு அடைக்கு வருவது இயல்பு. நாள்தோறும் முட்டை வேண்டுமென்று வளர்க்கும் வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அடைக்குணத்தையே தேர்ந்து தேர்ந்து நீக்கிவிட்டார்கள். உங்களிடம் இருப்பதோ குஞ்சு பொரிக்கத் தெரிந்த கோழி. இரண்டு பெட்டைகளையும் ஒரே மாலையில் தனித்தனிக் கூட்டில் வைத்தால், ஒன்றின் கீழ் குறைவாகப் பொரித்தாலும் எல்லாக் குஞ்சுகளையும் முதல் இரவிலேயே ஒரு தாயின் கீழ் சேர்த்துவிட்டு, மற்றதைக் கூண்டில் விட்டு அடை தெளிவிக்கலாம். குஞ்சு வளர்க்கும் வேலை இல்லாத கோழி விரைவில் அடுத்த ஈட்டுக்கு வந்துவிடும். சேர்ப்பதை இருட்டிய பிறகு, குஞ்சுகள் பிறந்த ஓரிரு நாட்களுக்குள் செய்ய வேண்டும். பிந்தினால் தாய் அடையாளம் கண்டு கொத்தும்.


தோட்டத்துச்சாளை மீண்டும் எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சமையலறைத் தட்டில் நண்பகல் சமையலுக்குப் பிறகு கையை வைத்துப் பார்த்தேன். பாத்திரத்தின் அடி சுட்டது. முட்டைகளை அங்கே வைத்தது நானேதான்.

செவலையைத் தனியறைக்கு மாற்றிவிட்டேன். புதிய முட்டைகள் 4 நாட்களில் 9 கிடைத்தன, அவற்றையே வைக்கப் போகிறேன். கறுப்புக்குக் கொடுக்க முட்டை இல்லாததால் அது கூண்டில் இருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும் உள்ளது. செவலை இரண்டு நாட்களாகக் கூட்டை விட்டு இறங்கவே இல்லை. இரையை அருகில் வைத்தும் தொடவில்லை. நானே தூக்கி இறக்கிவிட வேண்டுமா? பொரிக்கும் நாளில் குஞ்சு ஓட்டைக் குத்திவிட்டு வெளிவராமல் நின்றால் உதவி செய்யலாமா?


கால்நடை மருத்துவர் (ஓய்வு), ஈரோடு

சில கோழிகள் அப்படித்தான் விடாப்பிடியாக உட்காரும். ஒரு நாள் முழுவதும் இறங்காவிட்டால் காலை நேரத்தில் நீங்களே தூக்கி வெளியே விடுங்கள். தூக்கும் முன்பு இரு இறக்கைகளையும் சற்று உயர்த்திப் பாருங்கள், முட்டை இறக்கைக்கும் உடம்புக்கும் இடையே சிக்கியிருந்து விழுந்து உடைவது உண்டு. வெளியே வந்ததும் முதலில் கெட்டியாக, பெரிதாக, கடும் நாற்றத்துடன் எச்சமிடும். அது நோயன்று, நாள் முழுக்க அடக்கி வைத்தது. அடைக்காலத்தில் தீவனத்தை விடத் தானியமே நல்லது. கம்பு, மக்காச்சோளம், நெல் எதுவானாலும் சரி, எச்சம் இறுகிக் கூடு அசுத்தமாகாமல் இருக்கும். அருகிலேயே சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழி வைத்தால் மண்குளியலும் ஆகிவிடும்.

ஓட்டைக் குத்திய குஞ்சுக்கு உதவி செய்ய அவசரப்படாதீர்கள். முதல் துளை விழுந்த பிறகு முழுதாக வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. அந்த இடைவெளியில் குஞ்சு ஓய்ந்து கிடப்பது போலத் தோன்றினாலும், ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் இரத்தத்தை உடம்புக்குள் வாங்கிக்கொண்டும் மஞ்சள் கருவை உள்ளிழுத்துக்கொண்டும் இருக்கிறது. நாம் ஓட்டை உரித்தால் அந்த நரம்புகள் அறுந்து இரத்தம் கொட்டிவிடும். உள்ளிழுத்த மஞ்சள் கருவே இரண்டு நாட்களுக்கு உணவு என்பதால், முதலில் பிறந்தது பசித்திருக்குமே என்று கூட்டைக் கலைக்கவும் வேண்டாம். குஞ்சுகள் பிறந்த முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்புச் சொட்டு மருந்தைக் கண்ணில் விட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.


தோட்டத்துச்சாளை, 26 நாட்களுக்குப் பிறகு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். 9 முட்டைகளில் ஒன்றை 7ஆம் நாள் வெறும் மஞ்சளாகத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன். 20ஆம் நாள் இரவு கூட்டின் அருகே காதை வைத்தபோது ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது, செவலை தாழ்ந்த குரலில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 21ஆம் நாள் விடிவதற்குள் 5 குஞ்சுகளும், மாலைக்குள் இன்னும் 2 குஞ்சுகளும் வந்துவிட்டன. ஒன்று மட்டும் ஓட்டைக் குத்திய நிலையில் நின்றது. நீங்கள் சொன்னபடி கையை வைக்காமல் காத்திருந்தேன், மறுநாள் காலையில் அதுவும் ஈரத்தோடு வெளியே கிடந்தது. மொத்தம் 8 குஞ்சுகள்.

ஆனால் மூன்றாம் நாள் ஒரு குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்து இறந்துவிட்டது. இரண்டு விரல் ஆழம்கூட இல்லாத தட்டு அது. மிச்சம் 7 இருக்கின்றன. அவற்றுக்கு என்ன கொடுப்பது, தாயோடு எப்போது வெளியே விடுவது என்று சொல்லுங்கள். கறுப்புப் பெட்டை கூண்டில் 5ஆம் நாள் தெளிந்து, பதினைந்து நாட்கள் கழித்து மறுபடி முட்டையிடத் தொடங்கிவிட்டது.


அப்பத்தா வீடு, திருமயம்

கத்திரியிலும் எட்டுப் பொரித்திருக்கிறது என்றால் மருத்துவர் ஐயா சொன்னதுதான் சரி தம்பி. இனி நானும் பானையில் ஈர மணல் போட்டு முட்டையை வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வாரத்துக்கு அரிசி நொய்யையும் நன்றாக உடைத்த கம்பையும் கொடுங்கள், கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதையும் பாதிக்குப் பாதி சேருங்கள். கரையான் கிடைத்தால் அதைவிட நல்ல இரை இல்லை. ஒரு பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு எல்லாவற்றையும் போட்டு, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் தூக்கி உதறினால் குஞ்சுகள் ஓடிவந்து மொய்த்துவிடும். பத்து நாட்கள் வரை தாயைப் பஞ்சாரத்துக்குள் வைத்துக் குஞ்சுகள் மட்டும் இடுக்கு வழியே வெளியே வந்து போகும்படி விடுங்கள். அதன் பிறகு நிழலும் புதரும் உள்ள பக்கமாகத் தாயோடு மேயவிடலாம். முதலிலேயே வெட்டவெளியில் விட்டால் காகமும் பருந்தும் ஆளுக்கொன்றாய்த் தூக்கிவிடும். கீரிக்குப் பயந்து பொழுது சாய்வதற்குள் கூட்டிவந்து அடைத்துவிடுங்கள்.

தண்ணீருக்குத் தேங்காய்ச் சிரட்டையோ தட்டையான மண்தட்டோ வைத்து, அதில் கூழாங்கற்களை நெருக்கமாகப் போட்டு, கற்களுக்கு இடையில் தெரிகிற அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். குஞ்சு கல்லின் மேல் நின்று குடிக்கும், நனையாது. கற்களை இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவிப் போடுங்கள், பாசி பிடித்தால் கழிச்சல் வரும்.